கேமரா பார்க்கும், வருவது யார்?

திருச்சி தில்லை நகரில் இப்போது வீடு கட்டுபவர்கள் கேமராவைக் கடைசியில் யோசிப்பதில்லை. சுவருக்குப் பூச்சு வேலை தொடங்கும் முன்பே எலக்ட்ரீஷியன் வந்து, “கேமராவுக்குப் பைப் எந்தெந்த மூலைக்குப் போகணும்?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போகிறார். ஃபேன் பாயிண்ட், ஏசி பாயிண்ட் வரிசையில் கேமரா பாயிண்ட்டும் சேர்ந்துவிட்டது. பழைய வீடுகளும் பின்தங்கவில்லை. ஏதாவது ஒரு கிராஸில் சாயங்காலம் நடந்து போனால், காம்பவுண்டுச் சுவர்மேல், போர்டிகோ மூலையில், கிளினிக் போர்டுக்குக் கீழே, கோச்சிங் சென்டர் வாசலில் என்று எங்காவது ஒரு லென்ஸ் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

என்னிடம் உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் கேட்பது ஒரே கேள்விதான். “எந்த கம்பெனி வாங்கலாம்? எத்தனை மெகாபிக்சல் வேணும்?” இந்தத் துறையை ஆர்வமாகக் கவனித்து வருகிறேன் என்பதால் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை இந்தப் பதிவில் சொல்கிறேன். ஆனால் கம்பெனிப் பெயருக்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு. ராத்திரி 2 மணிக்குக் கேமரா ஓர் ஆளைப் பார்த்துவிட்டது, போனுக்கு அறிவிப்பும் வந்துவிட்டது, சரி. அடுத்த 10 நிமிடத்தில் வாசலுக்கு வரப்போவது யார்? வீட்டுப் பாதுகாப்பு என்று நம் ஊர்க் கடைகளில் விற்பதெல்லாம் பார்க்கும் கருவிகள். வருவதற்கு ஆள் தருகிறேன் என்று சொல்லி விற்பவரைத் திருச்சியில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இதை நம் ஊரை வைத்தே பேசலாம். 2019 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று விடியும் முன், சத்திரம் பேருந்து நிலையம் பக்கத்தில் இருந்த லலிதா ஜுவல்லரியின் சுவரில் ஆள் நுழையும் அளவுக்குத் துளை போட்டு இரண்டு பேர் உள்ளே போனார்கள். ஏறத்தாழ 13 கோடி ரூபாய் நகை போனது. கேமராக்கள் தங்கள் வேலையைக் குறையில்லாமல் செய்திருந்தன. முகத்தில் பொம்மை முகமூடி, அவசரமே இல்லாமல் நகைகளை எடுத்துப் பையில் போடுவது, எல்லாம் பதிவாகியிருந்தது. மோப்ப நாய்க்காக மிளகாய்ப் பொடியும் தூவியிருந்தார்கள். அந்த வீடியோவை ஊரே வாட்ஸ்அப்பில் பார்த்தது. முகமூடிக்குப் பின்னால் இருந்தது யார் என்று வீடியோ சொல்லவில்லை. மறுநாள் இரவு திருவாரூரில் வழக்கமான வாகனச் சோதனையில் பைக்கை நிறுத்தியபோது ஒருவர் தப்பி ஓட, இன்னொருவர் நகைப்பெட்டியோடு பிடிபட்டார். நகைகளில் தொங்கிய கடையின் அடையாளச் சீட்டுதான் துப்புக் கொடுத்தது. அதே ஆண்டு ஜனவரியில் நம்பர் 1 டோல்கேட் பக்கம் பஞ்சாப் நேஷனல் வங்கிக் கிளையில் சுவரைத் துளைத்து லாக்கர்களை உடைத்ததும் அதே கும்பல் என்று பிறகு விசாரணையில் தெரிந்தது.

தில்லை நகர்க்காரர்களுக்கு இன்னொரு தேதியும் மறக்காது. 2012 மார்ச் 29 விடியற்காலை இந்தத் தெருக்களிலிருந்து நடைப்பயிற்சிக்குக் கிளம்பிய தொழிலதிபர் கே.என்.ராமஜெயம் வீடு திரும்பவில்லை. அந்தக் கொலை வழக்கு சிபிசிஐடி, சிபிஐ, சிறப்புப் புலனாய்வுக் குழு என்று கைமாறிக்கொண்டே போனது. அன்றைக்கு இப்போதுபோல வீட்டுக்கு வீடு கேமரா கிடையாது. வாசலைப் பார்க்கும் கேமராக்கள் அன்று இருந்திருந்தால் ஒரு வண்டியின் எண்ணாவது கிடைத்திருக்குமே என்ற எண்ணம் இந்தப் பகுதியில் பலருக்கு இருக்கிறது. கேமராவால் பயனில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நடந்து முடிந்ததைத் திருப்பிப் பார்க்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது. செயின் பறித்தவன் எந்தத் தெருவில் நுழைந்து எந்தத் தெருவில் வெளியேறினான் என்று போலீஸ் இப்போது வீடு வீடாகக் கேமரா பார்த்துத்தான் கோடு போடுகிறது.

நடப்பதை நிறுத்துவது வேறு வேலை. 2019இல் எரிக் பிசா, பிராண்டன் வெல்ஷ், டேவிட் ஃபாரிங்டன், ஏமி தாமஸ் ஆகிய நான்கு குற்றவியல் ஆய்வாளர்கள், 40 ஆண்டுகளாக உலகம் முழுக்க நடந்த கேமரா ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கேமரா வைத்த இடங்களில் குற்றம் சராசரியாக 13 சதவீதம் குறைந்திருந்தது. அதிகப் பலன் தெரிந்தது வாகன நிறுத்துமிடங்களில். ஆள் உட்கார்ந்து திரையைப் பார்த்த இடங்களில் பலன் இருந்தது. பதிவு மட்டும் ஓடிக்கொண்டிருந்த இடங்களில் சொல்லும்படியான பலன் இல்லை. நம் வீட்டு ஸ்டோர் ரூம் அலமாரியில் பச்சை விளக்கோடு ஓடுகிற டிவிஆர் பெட்டி எந்த வகை என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

பார்ப்பது மட்டும் போதாது என்பது வீட்டுக் கேமராவைக் கண்டுபிடித்தவருக்கு முதலிலேயே தெரிந்திருந்தது. மேரி வான் பிரிட்டன் பிரவுன், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த கறுப்பினச் செவிலியர். கணவர் எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன். இருவருக்கும் நேரங்கெட்ட நேரத்தில் வேலை. கூப்பிட்டால் போலீஸ் வந்து சேரத் தாமதமாகும் பகுதி அது. 1966இல் இருவரும் சேர்ந்து விண்ணப்பித்த காப்புரிமை 1969 டிசம்பர் 2 அன்று கிடைத்தது. கதவில் வெவ்வேறு உயரத்தில் துளைகள், அவற்றின் வழியாகப் பார்க்கும் கேமரா, படுக்கையறையில் டிவி திரை, வெளியில் நிற்பவரோடு பேச மைக், உள்ளிருந்தே கதவைத் திறக்க ஒரு விசை. இவற்றோடு, உதவிக்கு ஆள் அழைக்க ஒரு பொத்தானும் அதில் இருந்தது. இன்றைய வீடியோ டோர்போன்கள் கேமராவையும் மைக்கையும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டன. பொத்தானை அழுத்தினால் யாராவது வர வேண்டும் என்பதைப் பலரும் விட்டுவிட்டார்கள்.

இனி தில்லை நகரில் கேமராவை யார் வாங்குகிறார்கள் என்று பாருங்கள். பெரிய வீடு, மாடியில் மூன்று அறை பூட்டிக் கிடக்கும், கீழே வயதான அப்பா அம்மா இருவர் மட்டும். பையன் சிங்கப்பூரில், பெண் நியூஜெர்சியில். 2024இல் திறந்த புதிய விமான முனையத்தில் சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் விமானங்களுக்கு நிற்கும் வரிசையைப் பார்த்தால் இந்த ஊரின் குடும்பங்கள் எங்கெங்கே சிதறி இருக்கின்றன என்று புரியும். அந்தப் பிள்ளைகள் கோடை லீவுக்கு வரும்போது முதல் வாரத்திலேயே கேமரா மாட்டிவிட்டுப் போகிறார்கள். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் தோட்டத்து வீட்டில் தாய், தந்தை, மகன் என மூவர் கொல்லப்பட்டதும், அடுத்த கோடையில் சிவகிரி பக்கம் ஒரு முதிய தம்பதி கொல்லப்பட்டதும் அவர்களைத் தூங்கவிடவில்லை. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் இந்தச் சந்தையில் பணம் கொடுப்பவர் ஒருவர், கேமராவுக்குக் கீழே வாழ்பவர் இன்னொருவர். வெளிநாட்டுப் பிள்ளையின் மன நிம்மதிதான் இங்கே முக்கியமாக விற்பனையாகிறது.

அந்த நிம்மதி எவ்வளவு தூரம் தாங்கும்? நம் ஊரில் ராத்திரி 2 மணி என்றால் கோடையில் நியூஜெர்சியில் முந்தின நாள் மாலை 4:30. காம்பவுண்டுக்குள் ஓர் ஆள் குதிப்பதை அந்தப் பெண் ஆபீசில் உட்கார்ந்தபடி பார்க்கிறாள். அம்மாவை எழுப்பினால் அம்மா கதவைத் திறந்து வெளியே வந்துவிடுவாளோ என்று பயம். அங்கிருந்து 100 அடித்தால் திருச்சி போலீசுக்குப் போகாது, 112, 108 எதுவும் போகாது. இந்தச் சின்ன விஷயத்தை யோசிக்காமல்தான் பெரும்பாலானவர்கள் வெளிநாட்டிலிருந்து கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தயவுசெய்து இன்றைக்கே இதைச் செய்யுங்கள்: உங்கள் பகுதிக் காவல் நிலையம், மாநகரக் காவல் கட்டுப்பாட்டு அறை இரண்டின் தரைவழி எண்களையும் 91-431 சேர்த்து போனில் பதிந்து வையுங்கள். பக்கத்து வீடு, எதிர்வீடு, நம்பிக்கையான ஓர் ஆட்டோக்காரர் ஆகியோரின் எண்களும் அதே இடத்தில் இருக்கட்டும். இதற்குக் காசு செலவில்லை.

ஹாலில் கேமரா வைப்பது பற்றியும் சொல்ல வேண்டும், அதில் எனக்கு வருத்தம் உண்டு. எனக்குத் தெரிந்த பெரியம்மா ஒருவர், கணவர் இறந்த பிறகு தனியாக இருக்கிறார். மகன் ஹாலில் சுழலும் கேமரா வைத்திருக்கிறான். பாசத்தில் வைத்ததுதான். “விழுந்து கிடந்தா தெரியணும்மாங்கிறான். சரிதான். ஆனா நைட்டியோட ஹாலுக்கு வரவே கூச்சமா இருக்குடி. அது தலையத் திருப்பும்போது யாரோ உள்ள வந்துட்ட மாதிரி இருக்கு” என்றார். இப்போது பகலெல்லாம் படுக்கையறையிலேயே இருக்கிறார். அவருக்கு டிவி பார்க்கப் பிடிக்கும், டிவி ஹாலில் இருக்கிறது.

கொல்கத்தாவில் ஒரே வீட்டில் வசித்த அண்ணன் தம்பிகளுக்குள் இப்படி ஒரு வழக்கு வந்தது. சேர்ந்து வாழ்பவரின் சம்மதம் இல்லாமல் வீட்டின் குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா ஓடவிடுவது அவருடைய அந்தரங்க உரிமையை மீறுவது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025இல் சொன்னது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒருவர் சொந்த வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. அம்மா மகன்மேல் வழக்குப் போடப் போவதில்லை. ஆகவே பெரியவர்களிடம் கேட்டுவிட்டு வையுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடமும் கேமரா இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுங்கள். அவர் அந்த வீட்டில் பாதி நாளைக் கழிப்பவர்.

விழுந்தால் தெரிய வேண்டும் என்பது உண்மையான தேவை. அதற்கு வேறு வழி வந்துகொண்டிருக்கிறது. படமே எடுக்காமல், ரேடார் அலையால் அறையில் இருப்பவரின் அசைவை மட்டும் உணர்ந்து, ஆள் தரையில் விழுந்து எழவில்லை என்றால் தகவல் சொல்லும் சென்சார்கள் அவை. குளியலறையில்கூட வைக்கலாம். பெரியவர்கள் அதிகம் வழுக்கி விழுவதும் அங்கேதான். இன்னும் நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதில்லை, விலையும் இறங்க வேண்டும். வரும் வருடங்களில் இந்தத் துறையில் நான் ஆசையோடு எதிர்பார்ப்பது இதைத்தான்.

இனி கம்பெனி விஷயம். நம் நாட்டுக் கேமராச் சந்தை சில வருடங்களுக்கு முன்புவரை ஹிக்விஷன், தாஹுவா என்ற சீன நிறுவனங்களின் கையில் பெருமளவு இருந்தது. 2022 நவம்பரில் அமெரிக்கா இவற்றின் புதிய கருவிகளுக்கு அனுமதி கொடுப்பதை நிறுத்தியது. இந்திய அரசு நாட்டின் பெயர் சொல்லித் தடை போடவில்லை, தரக் கட்டுப்பாடு என்ற வழியில் போனது. 2024 ஏப்ரல் 9இல் அரசிதழில் அறிவித்து, 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, கேமரா பாதுகாப்புச் சோதனையில் தேறாமல் இங்கே தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ விற்கவோ முடியாது. உள்ளே இருக்கும் சிப், மென்பொருள், தகவல் குறியாக்கமாகிப் போகிறதா, வெளியாள் நுழைய வாசல் திறந்திருக்கிறதா என்றெல்லாம் பார்க்கிறார்கள். இதனால் பெரிதும் லாபம் அடைந்தவை உள்நாட்டுப் பெயர்கள். சிபி பிளஸ் கேமராக்களை விற்கும் ஆதித்யா இன்ஃபோடெக், ஆந்திராவில் கடப்பாவில் தொழிற்சாலை வைத்திருக்கிறது. 2025 ஜூலை இறுதியில் 1,300 கோடி ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டபோது முதலீட்டாளர்கள் போட்டி போட்டு விண்ணப்பித்தார்கள். உங்களுக்கான பாடம் எளிது. கடையில் கம்பெனி பெயரோடு மாடல் எண்ணையும் கேளுங்கள், அந்த மாடல் புதிய விதிப்படி பதிவானதா என்று கேளுங்கள். பெயர் தெரியாத, ஆன்லைனில் மிக மலிவாகக் கிடைக்கும் பல்பு வடிவ வைஃபை கேமராவை வீட்டுக்குள் விடாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2016இல் மிராய் என்ற தீநிரல், மாற்றப்படாத கம்பெனி பாஸ்வேர்டுகளை வைத்து உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர் பெட்டிகளையும் கைப்பற்றியது. அந்த அக்டோபரில் அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்கள் பல மணி நேரம் முடங்கியதற்கு அப்படிப்பட்ட வீட்டுக் கருவிகள்தான் ஆயுதம். 2025 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் உள்ளறைக் காட்சிகள் இணையத்தில் விற்பனைக்கு வந்தன. பெண்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடக்கும் அறை. யூகிக்க மிக எளிதான பாஸ்வேர்டு வழியாகத்தான் புகுந்திருந்தார்கள். வீட்டுக்கு வீடு மருத்துவமனையும் ஸ்கேன் சென்டரும் இருக்கிற தில்லை நகரில் இதைப் படிக்கும் டாக்டர்கள் இன்றே தங்கள் கேமரா பாஸ்வேர்டைப் பார்க்க வேண்டும். 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்திலேயே வெளியாட்கள் புகுந்தார்கள் என்றால், நம் வீட்டுப் பெட்டி எம்மாத்திரம்?

கேமரா மாட்டிக் கொடுக்கும் தம்பிகளிடம் பேசினால் வேறு வகையான புகார்கள் வரும். இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வரும், சிலந்தி லென்ஸுக்குக் குறுக்கே வலை கட்டும். காற்றில் வலை ஆடினால் விடிய விடிய அறிவிப்பு. நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் அறிவிப்பையே அணைத்துவிடுவார். அணில் கேபிளைக் கடிக்கும். மாதாந்தரப் பராமரிப்புக்குக் காலையிலிருந்து மாலைவரை மின்சாரம் நிற்கும் நாளில், ரூட்டருக்கும் டிவிஆருக்கும் யுபிஎஸ் இல்லாத வீட்டில் அத்தனை கேமராவும் கண்மூடும். அந்த மின்தடைத் தேதி முன்கூட்டியே பேப்பரில் வரும், எல்லோரும் படிக்கலாம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பதிவு எத்தனை நாள் நிற்கும் என்பதும் கணக்குத்தான். நொடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிவானால் ஒரு கேமரா நாளுக்குச் சுமார் 21 ஜிபி எடுக்கும். நான்கு கேமரா என்றால் 1 டிபி ஹார்ட் டிஸ்க் 11 நாளில் நிறைந்து பழையதை அழிக்கத் தொடங்கும். இரண்டு வாரம் காசிக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால், முதல் நாள் ராத்திரி நடந்தது இருக்காது. வங்கி லாக்கர் அறைப் பதிவை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021இல் விதித்தது. நகையை வீட்டில் வைக்கலாமா லாக்கரில் வைக்கலாமா என்று யோசிப்பவர்கள் இந்த வித்தியாசத்தையும் சேர்த்து யோசிக்கலாம்.

சிலந்தி வலையையும் மனிதனையும் பிரித்துப் பார்க்கும் திறமை இப்போது கேமராவுக்குள்ளேயே வந்துவிட்டது. ஏஐ என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டு விற்பதில் பெரும்பாலும் அர்த்தம் அவ்வளவுதான், ஆனால் அது நல்ல முன்னேற்றம். பொய் அறிவிப்பு குறைந்தால்தான் உண்மை அறிவிப்பை யாராவது மதிப்பார்கள். அமெரிக்காவில் வீட்டு அலாரங்களில் மிகப் பெரும்பாலானவை பொய்யாகப் போனதால், சால்ட் லேக் சிட்டி நகரம் 2000ஆம் ஆண்டிலேயே, யாராவது நேரில் பார்த்து உறுதி செய்தால்தான் போலீஸ் வரும் என்று விதி போட்டுவிட்டது. அலாரக் கம்பெனிகள் சொந்தமாகக் காவலர்களை அனுப்ப வேண்டி வந்தது. ஜப்பானில் 1962இல் மகோட்டோ ஈடா தொடங்கிய செகோம் நிறுவனம் கருவியையும் ஆளையும் பிரிக்காமல் விற்று வளர்ந்தது. வீட்டில் சென்சார் அடித்தால் அவர்கள் ஆளே கிளம்பி வருவார். தனியாக இருக்கும் முதியவர்களையும் கவனித்துக்கொள்கிறார்கள். முதியவர்கள் பெருகும் தமிழ்நாட்டுக்கு இந்த மாதிரிதான் பொருந்தும் என்று உறுதியாக நம்புகிறேன். 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி உரிமம் பெற்ற நிறுவனங்கள் திருச்சியில் உண்டு. அவர்கள் ஆட்களை அபார்ட்மெண்ட் கேட்டில் உட்கார வைக்கிறார்கள். தில்லை நகரின் நாலு கிராஸுக்கு ஒரு பைக், இரண்டு ஆள் என்று அவர்களில் ஒருவர் தொடங்கினாலும் போதும்.

நமக்கு இது புதிதும் அல்ல. மாதக் காசு வாங்கிக்கொண்டு இரவில் விசில் ஊதிக்கொண்டு வந்த கூர்க்கா செய்தது அந்த வேலைதான். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி, உத்திர வீதிப் பழைய வீடுகள் ஒன்றை ஒன்று ஒட்டி, வாசலில் திண்ணையோடு இருந்தன. புதிதாக ஒருவர் தெருவில் நுழைந்தால், “யாரத் தேடுறேள்?” என்று ஒரு திண்ணையாவது கேட்டுவிடும். தில்லை நகர் வேறு மாதிரி எழுந்த பகுதி, வீட்டைச் சுற்றி இடம், ஆளுயரக் காம்பவுண்டு. குதித்து உள்ளே போய்விட்டால் அந்தச் சுவர் திருடனையும் மறைக்கும். எங்கள் பக்கம் சில வீடுகளில் காம்பவுண்டின் மேல்பாதியைக் கம்பி கிராதியாக மாற்றியிருக்கிறார்கள். கேமராவைவிட நல்ல யோசனை என்பேன்.

கதவையும் மறக்காதீர்கள். ஆள் வந்து சேரும்வரை திருடனை வெளியே நிறுத்தி வைப்பது கதவும் பூட்டும்தான். நம்மிடமிருந்து 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் திண்டுக்கல்லின் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டுச் செய்பவர்கள் குறைந்துகொண்டே போகும் காலத்தில் கிடைத்த மரியாதை அது. விரல்ரேகைப் பூட்டு அழகாக இருக்கிறது, பெரியவர்களுக்குச் சாவி தேடும் சிரமமும் இல்லை. ஆனால் தேய்ந்த கைரேகையை அது ஏற்கிறதா என்று அவர்களை வைத்தே சோதித்து வாங்குங்கள். பின்பக்கக் கதவு, மொட்டைமாடிக் கதவு இரண்டுக்கும் உள்தாழ்ப்பாள் கனமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு கேமராவுக்குப் பணம் ஒதுக்குங்கள்.

நாளை கொட்டேஷன் வாங்கப் போகிறவர்கள், மெகாபிக்சல், ஹார்ட் டிஸ்க், கேபிள் மீட்டர் எல்லாம் எழுதி முடித்ததும் கீழே ஒரு வரி கேளுங்கள்: அலாரம் அடித்தால் யார் வருவார், எத்தனை நிமிடத்தில்? கடைக்காரரால் எழுத முடியாது என்றால் நீங்கள் எழுதுங்கள். எதிர்வீட்டு மாமா, பக்கத்துத் தெரு மருந்துக்கடைத் தம்பி, காவல் நிலைய எண் என்று பெயர் போட்டு எழுதி, அவர்களிடமும் சொல்லி, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கும் அனுப்பிவிடுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தெருவில் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, சைரனை ஒருமுறை ஒலிக்க விடுங்கள். பிள்ளை அங்கிருந்து போன் போடட்டும். யார் எடுக்கிறார்கள், யார் வாசலுக்கு வருகிறார்கள், எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். போன் எடுக்காதவரின் பெயருக்குப் பதில் வேறு பெயர் போடுங்கள்.